அடியேன் வாய் காத்த பத்து நாள்

புதுப்பட்டினம்,
ஆவணி மாதம், புதன்கிழமை.

மதுராந்தகம் ஸ்ரீ உ.வே. ராகவன் அத்திம்பேர் திருவடிகளில், மைத்துனன் வேதாந்தம் தண்டன் சமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

இங்கே அடியேனும் சௌந்தரவல்லியும் க்ஷேமம். அங்கே தேவரீரும் ராஜம் அக்காவும் முழங்கால் வலி முதலான உபத்திரவங்கள் இல்லாமல் சௌக்கியமாயிருக்க ஏரி காத்த பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். இந்தக் கிருகத்தில் க்ஷேமமில்லை என்று சொல்லத்தக்கவர் ஒருவரே. அவர் அடியேனுடைய கீழ் வரிசை இடதுபக்கக் கடைவாய்ப்பல். அறுபத்தேழு வயது வரை உடனிருந்து உழைத்த அவர், சென்ற வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டில் பரமபதித்தார். இந்தச் செய்தியைப் போனில் தெரிவிக்காமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், போனில் சொன்னால் அக்கா நடுவில் புகுந்து பேசுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. தவிர, இது முழுக்க முழுக்க வெற்றிச் செய்தி. துக்கம் விசாரிக்கிற குரலில் யாரும் கேட்டுக்கொள்ளக் கூடாது என்பது அடியேன் அபிப்பிராயம்.

பல் போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீஜயந்திக்கு அக்கா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சீடை வந்து சேர்ந்தது. ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் சீடை நன்றாயிருந்தது, இரண்டாவது நன்றாயிருந்தது, மூன்றாவது வாய்க்குள் போனதும் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா கைப்பக்குவத்தில் எதுவும் உடையாதே என்று பார்த்தால் உடைந்தது சீடை இல்லை. சீடையை முழுசாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்தேன், கூடவே பல்லில் பாதியும் வந்தது. இதை அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும், அல்லது சொல்லாமலே விட்டுவிடவும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் செங்கல்பட்டில் டாக்டர் ரூத் அம்மாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் வரைக்கும் விரிசல் ஓடியிருக்கிறது, இதை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, நாளைக் காலையில் எடுத்துவிடலாம் என்றார்.

இங்கேதான் சிக்கல். மறுநாள் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் குடியிருப்புக்கு பில்டருடைய மானேஜர் கிரிஷ் என்கிற பிள்ளையாண்டான் வருவதாக இருந்தது. தேவரீருக்குத் தெரியும், எங்கள் நாற்பத்தெட்டு வீட்டுக் குழாய்களிலும் வருவது சமுத்திரத்துக்குச் சொந்தக்காரத் தண்ணீர். குளித்தால் உடம்பு வெள்ளை பூக்கிறது, பருப்பு வேகிறதில்லை. மேற்கே ஏரிக்கரைப் பக்கம் பில்டருக்குச் சொந்தமான கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று வீடு விற்கும்போது சொன்னவர்கள், விற்ற பிறகு போனை எடுக்கிறதில்லை. பதினொரு மாதம் எழுதி எழுதி, கடைசியில் ஒரு மணி நேரம் பேச ஆள் அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். சங்கத்தின் சார்பில் பேசுவதற்கு அடியேனை நியமித்திருந்தார்கள். நியமித்தார்கள் என்றால், வேறு யாரும் கை தூக்குவதற்கு முன்னால் அடியேன் கை தூக்கியிருந்தேன். கல்பாக்கத்தில் இருபத்தொன்பது வருஷம் பாதுகாப்பு விதிமுறை வகுப்பு எடுத்தவனுக்கு இதுகூட வராதா? பாலாற்றின் பூர்வ சரித்திரத்தில் ஆரம்பித்து, பதினாலு பக்கத்துக்கு உரை எழுதி, கண்ணாடி முன்னால் இரண்டு தரம் வாசித்தும் பார்த்திருந்தேன்.

சௌந்தரம், "மீட்டிங் முடிஞ்சு போய்ப் பல்லை எடுத்துக்கப்படாதா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் லீவு, திங்கள் முதல் எங்கேயோ முகாம். தவிர, அந்த வலியோடு பேசினால் பாலாறு பகுதி சோபிக்காது. பத்து மணிக்குப் பல், பஞ்சு ஒரு மணி நேரம், பதினொன்றுக்குப் பஞ்சை எடுத்தால் பன்னிரண்டுக்குத் தாராளமாகப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை, ஆசாமியில்தான் தப்பு.

பல் வந்தது. வலிக்கவே இல்லை. டாக்டர் ரூத் அம்மாள் குழியில் பஞ்சை மடித்து வைத்து, "இறுக்கிக் கடிச்சுக்கங்க சார். ஒரு மணி நேரம். பேசக் கூடாது, துப்பக் கூடாது, எச்சிலை முழுங்கிடணும். அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி உக்காரும். அதுதான் உங்களுக்கு மூடி. அது கழண்டுட்டா உள்ளே எலும்பு தெரியும், அப்புறம் பல்வலியே தேவலைன்னு தோணும்" என்றார். உதவிக்கு இருக்கும் ஜெசிந்தா என்கிற பெண் கூடுதலாக நாலு பஞ்சும், வீட்டில் அனுசரிக்க வேண்டியவை என்று அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தாள். பன்னிரண்டு விதிகள். அதை அடியேன் சௌந்தரத்திடம் பத்திரமாகக் கொடுத்துவைத்தேன். இந்த இடத்தைத் தேவரீர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், அதுவே பின்னால் தானாக வரும்.

பஸ் திருக்கழுக்குன்றம் வரும்போது எங்கள் சங்கச் செயலாளர் ஹரிப்ரியா போன் செய்தாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற கெட்டிக்காரப் பெண். "அங்கிள், சேர் எப்படிப் போடறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அடியேன் கையால் 'ம்' கொட்டியிருக்கலாம். போனில் கை தெரியாதே. வருகிறவன் கிழக்கே பார்த்து உட்காரக் கூடாது, வெயில் அவன் முகத்தில் விழ வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலியில் கால் ஆடுகிறதை அவனுக்குப் போட வேண்டும், உப்புப் படிந்த வாளியை அவன் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று பஞ்சுக்குப் பக்கவாட்டில் பேச ஆரம்பித்து, மலை கண்ணை விட்டு மறைகிற வரை பேசிவிட்டேன். சௌந்தரம் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தாள். போனை வைத்துக் குனிந்து பார்த்தால், வெள்ளைச் சட்டையில் திருமண் இட்ட மாதிரி நடுவில் சிவப்புக் கோடு ஓடியிருக்கிறது. முன் சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் க்ளினிக்குக்குப் போன் போட்டோம். ஜெசிந்தா சௌந்தரத்திடம் நிதானமாகச் சொன்னாள்: "பதட்டப்படாதீங்கம்மா. புதுப் பஞ்சு வைங்க. கன்னத்துல வெளிப்பக்கமா ஐஸ் பத்து நிமிஷம் வைங்க, பத்து நிமிஷம் எடுங்க. மறுபடி ஒரு மணி நேரம் முழுசாக் கடிக்கணும். நடுவுல பேசினார்னா மறுபடி மொதல்ல இருந்து." புதுப் பஞ்சு வாய்க்குள் போனபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

அத்திம்பேர், அடியேன் நிலைமையை யோசித்துப் பார்க்கவும். கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்பத்தெட்டு வீட்டு ஜனம். நடுவில் அடியேனுக்கு ஒரு நாற்காலி. மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கன்னத்தில் துண்டில் சுற்றின ஐஸ். மடியில் பதினாலு பக்கம். எதிரே கிரிஷ், முப்பது வயது இருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மணிக்கட்டில் பெரிய வாட்ச். "வணக்கம் சார், உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன், நீங்க பேசினா நிறுத்த மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்று சிரித்தான். அடியேன் அவனைப் பார்த்தேன். வேறு எதுவும் செய்வதற்கில்லை.

ஹரிப்ரியா சமயோசிதமாக அடியேன் மடியிலிருந்து காகிதங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். பாலாறு நந்திமலையில் உற்பத்தியாவதைப் பற்றி இரண்டு வரி வாசித்தவள், பக்கத்தைப் புரட்டினாள். பல்லவர் காலத்து ஏரிகளைப் புரட்டினாள். இன்னும் புரட்டினாள். தடுக்கப் பார்த்தேன், ஆனால் வாயில் பஞ்சு. பதினோராம் பக்கத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, "குழாய் போட்டுத் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். இன்னும் போடவில்லை. எந்தத் தேதிக்குள் போடுவீர்கள்?" என்று மூன்று வாக்கியம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினாலு பக்கம் எழுதினவனுக்குத் தெரியும், அத்திம்பேர், விஷயம் அந்த மூன்று வாக்கியம்தான். மீதியெல்லாம் அடியேன்.

கிரிஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "டெஃபனிட்டா பண்ணிடலாம் சார். கொஞ்சம் அப்ரூவல் இஷ்யூ இருக்கு. ஒரு ஆறு மாசம் டைம் குடுங்க" என்றான். எல்லோரும் அடியேனைப் பார்த்தார்கள். அடியேன் அவனைப் பார்த்தேன். வாயில் எச்சில் நிறைந்திருந்தது, துப்பக் கூடாது என்பது விதி. நிதானமாக விழுங்கினேன். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "இல்ல சார், அஞ்சு மாசத்துல ட்ரை பண்றேன்" என்றான். யாரும் பேசவில்லை. அடியேன் பேசாதபோது மற்றவர்கள் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. ஐஸ் வைத்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டதென்று சௌந்தரம் தூரத்திலிருந்து விரலைக் காட்டினாள். கன்னத்திலிருந்து துண்டை எடுத்து முன்னாலிருந்த ஸ்டூலில் 'தொப்' என்று வைத்தேன். கிரிஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், கோவப்படாதீங்க சார். நாலு மாசம்." ஐஸ் குளிரில் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது, துடைத்துக்கொண்டேன். பின்வரிசையில் யாரோ, "பெரியவர் அழறாருப்பா" என்றார்கள். "மூணு மாசம் சார்" என்றான் கிரிஷ். மறுபடி விழுங்கினேன். "ரெண்டு. அதுக்குக் கீழே என்னால முடியாது சார், சத்தியமா."

அப்போது பேனாவை எடுத்து, பதினாலாம் பக்கத்தின் பின்புறத்தில் 'தேதி' என்று இரண்டே எழுத்து எழுதி அவன் பக்கம் தள்ளினேன். அவன் தன் ஃபைலைத் திறந்து, கம்பெனி முத்திரை வைத்த தாள் ஒன்றை எடுத்து, ஐப்பசி முடிவதற்குள் என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டான். மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி. அந்த ஐந்து நிமிஷமும் ஜனங்கள் கைதட்டினார்கள். பஞ்சை எடுத்தபின் அடியேன் பேசுவேன் என்று காத்திருந்தார்கள், அடியேனும் காத்திருந்தேன். எழுந்து நின்று 'நன்றி' என்றேன். உதடு மரத்திருந்ததால் அது 'நம்ஃபி' என்று வந்தது. அதோடு சபை கலைந்தது. முப்பது வருஷத்துப் பேச்சில் அடியேன் இதுபோல் ஜெயித்ததில்லை.

ஆனால் அத்திம்பேர், யுத்தம் அப்போதுதான் ஆரம்பம். சௌந்தரம் அந்த விதித்தாளைச் சாதம் வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். முதல் நாள் கொப்புளிக்கக் கூடாது. சூடு கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. வெற்றிலை சீவல் கூடாது. நாக்கால் தொடக் கூடாது. ஜயித்து வந்தவனைக் கொண்டாட நாலாவது மாடிக்காரர்கள் ஆளுக்கொரு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரா. உறிஞ்சினால் அந்தக் கட்டி கழன்று வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. ஏழு ஸ்ட்ராவையும் பிடுங்கி வரிசையாக மேஜையில் வைத்துவிட்டு, இளநீரை டம்ளரில் ஊற்றிச் சாய்த்துக் குடித்தேன். வந்தவர்கள் ஏதோ மடி ஆசாரம் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காபி விஷயம் எழுதவே கை வரவில்லை. நன்றாக ஆறின காபி. டிகாக்ஷன் இறங்குகிற வாசனை ஹால் வரைக்கும் வருகிறது, கைக்கு வரும்போது குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. குடித்தேன். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். நாக்கைத்தான் அடக்க முடியவில்லை. காலி செய்துவிட்டுப் போன வீட்டை எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, அது நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தக் குழிப் பக்கம் போகிறது. அதை வலதுபக்கக் கன்னத்துக்குள் அடக்கிவைப்பதே ஒரு முழுநேர உத்தியோகமாயிற்று.

மறுநாள் வெதுவெதுப்பான உப்புநீர் ஆரம்பம். பலமாகக் கொப்புளிக்கக் கூடாது, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக விழும்படி விட வேண்டும். பாத்திரம் தேய்க்க வரும் முனியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா சார் இது, நம்ம பைப்புல வர்றதே உப்புத் தண்ணிதான கீது. அதுல இன்னாத்துக்கு இன்னும் உப்பப் போட்டுக்கினு? ரவ பொயலைய எட்த்து அந்த ஓட்டையில அடக்கிக்கோ, வலி ஓடிப் பூடும்" என்று மடியிலிருந்து பொட்டலத்தையும் எடுத்துவிட்டாள். புகையிலை புண்ணை ஆறவிடாது என்று எட்டாவது விதி. விரலால் சுவரைக் காட்டினேன். "எனுக்குப் படிக்கத் தெரியாது சார், நீயே சொல்லு" என்றாள். சொல்ல முடியாதே. ஏனென்றால் பதிமூன்றாவது விதி இருக்கிறது.

பதிமூன்றாவது விதி: ஏழு நாள் வரை கண்டிப்பாகப் பேசக் கூடாது.

இருபத்தொன்பது வருஷம் மற்றவர்களுக்கு, 'விதியை ஏன் என்று கேட்காதே, சுவரில் இருந்தால் செய்' என்று சொல்லிக்கொடுத்தவன் அடியேன். கேட்கவில்லை, செய்தேன். பேப்பரில் எழுதிக் காட்டினேன், கையால் சைகை செய்தேன். சௌந்தரம் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, ஒரு சீரியலை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். "கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்துல இன்னிக்குத்தான் அந்த மாமியார் என்ன சொல்றான்னு காதுல விழுந்தது" என்றாள். முகத்தில் ஒரு தேஜஸ். அடியேன் ஜோலி பார்த்துக்கொண்டு குழைந்த தயிர்சாதத்தை வலதுபக்கமாக மென்றேன். டாக்டர் ஐந்து நாளைக்குக் கொடுத்த மாத்திரை காலை எட்டு மணிக்கு, ராத்திரி எட்டு மணிக்கு. வலி குறைந்துவிட்டதே என்று முனியம்மா மூன்றாம் நாளே நிறுத்தச் சொன்னாள். ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை தாடையில் ஒரு வலி பிடித்தது. காதிலிருந்து கழுத்து வரை இழுத்தது. மூன்றாம் நாள் வலி அதிகமானால் உடனே வரவும் என்று பன்னிரண்டாவது விதி. கட்டி கழன்றுவிட்டது, எலும்பு தெரிகிறது, எல்லாம் போயிற்று என்று அடியேனுக்கு வியர்த்துவிட்டது. சௌந்தரத்தைக் கூடக் கூப்பிடாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் அம்மாள் முகாமை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். அடியேன் மனசுக்குள் சரம சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அருமையா இருக்கு சார்" என்றார். "கட்டி அசையவே இல்லை. ஓரத்துல சதை வர ஆரம்பிச்சிருக்கு. தாடைதான் கல்லு மாதிரி இறுகியிருக்கு. எதுக்கு இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

பேப்பரை எடுத்து, 'பேசாமல் இருப்பதற்காக' என்று எழுதிக் காட்டினேன்.

"யார் பேச வேண்டாம்னு சொன்னது? நான் ஒரு மணி நேரம்தானே சொன்னேன்?"

விதித்தாள், பதிமூன்று என்று எழுதினேன். டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பன்னிரண்டோடு முடிந்திருந்தது. கீழே க்ளினிக் விலாசம்.

அத்திம்பேர், அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பொறி தட்டினது. அந்தப் பதிமூணுல இருக்கற 'ஏ' எழுத்தோட சுழி, வருஷா வருஷம் நம்மாத்து ஊறுகாய் ஜாடி மேலே சௌந்தரம் எழுதி ஒட்டற சீட்டுல 'ஏலக்காய் மாங்காய்'னு இருக்கே, அதே சுழி. பச்சை மசி வேற. அச்சுத் தாளுல பச்சை மசி எங்கேந்து வரும்? நான்தான் பார்க்கலை. டாக்டர் அம்மாள் வாயைப் பொத்திண்டு திரும்பிண்டார். ஜெசிந்தா உள்ளே போயிட்டா. நாலு நாளா அடக்கிவெச்ச பேச்செல்லாம் தொண்டைக்கு வந்துது. ஆனா பஸ்ஸுல உக்காந்து யோசிச்சப்போ ஒண்ணு தோணித்து. பேசாம இருந்த நாலு நாளுல என்ன குறைஞ்சு போச்சு? பில்டர் கையெழுத்துப் போட்டான். காஸ் சிலிண்டர்காரன் கேக்காமயே மாடி வரைக்கும் கொண்டுவந்து வெச்சான், ஏதோ கோபத்துல இருக்கேன்னு பயந்துண்டு. கீழ்வீட்டுக்காரன் ஸ்கூட்டரை நகத்தி நிறுத்தினான். சரி, ஏழு நாளையும் முடிச்சே காட்டறதுன்னு தீர்மானம் பண்ணிண்டேன். ஆத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலை. பேப்பர்ல 'எல்லாம் சரியாயிருக்கு'ன்னு மட்டும் எழுதிக் காட்டினேன்.

புதன்கிழமை சௌந்தரம் டிவி போட்டா, பாதியில அணைச்சா. வியாழக்கிழமை போடவே இல்லை. சமையல் உள்ளேந்து, "இன்னிக்குக் கீரை குழைஞ்சிருக்கா?"ன்னு கேட்டா, தலையை ஆட்டினேன். "காத்து நன்னா வீசறது, சமுத்திரத்தண்டை போய் உக்காரலாமா?"ன்னா. போனோம். சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கத்து மணல்ல உக்காந்தோம். கட்டுமரம் ரெண்டு கரைக்கு வந்துண்டிருந்தது. வழக்கமா அந்தக் கோட்டையைப் பார்த்தா நான் டச்சுக்காரன் எப்போ வந்தான்னு ஆரம்பிச்சுடுவேன், அவ காதைப் பொத்திப்பா. நான் கடலைப் பார்த்துண்டிருந்தேன். அவ கொஞ்ச நேரம் மணலைக் கிளறினா.

"ஏன்னா, ஏதாவது பேசுங்கோளேன்" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் இருக்கற தாளைக் காட்டற மாதிரி வீட்டுத் திசையிலே விரலைக் காட்டினேன்.

"அந்தப் பதிமூணாவது நான் எழுதினது" என்றாள். "ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு எழுதினேன். நாலு நாள் நன்னாத்தான் இருந்தது. நேத்திலேந்து ஆத்துல யாரோ போயிட்ட மாதிரி இருக்கு. நீங்க திட்டினாலும் சரி, பேசுங்கோ."

"தெரியும்" என்றேன். ஆறு நாளில் பேசின முதல் முழு வார்த்தை. "செவ்வாய்க்கிழமையே தெரியும்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "தெரிஞ்சுமா பேசாம இருந்தேள்? உங்களாலயா?" என்றாள். அந்த 'உங்களாலயா'வில் இருந்த ஆச்சரியம் இருக்கிறதே அத்திம்பேர், அது கிரிஷ் கையெழுத்தைவிட எனக்குப் பெரிசு. டச்சுக்காரன் கோட்டை கட்டின கதையை முழுசாச் சொன்னேன். அவளும் முழுசாக் கேட்டாள். நடுவுல, "அந்தத் துறைமுகத்துலேந்து என்ன ஏத்திண்டு போனான்?"னு ஒரு கேள்விகூடக் கேட்டாள். நாற்பத்தொரு வருஷத்துல கேட்ட முதல் கேள்வி. துணி ஏத்திண்டு போனான்னு சொன்னேன். திரும்பி வரும்போது ஒரு கடையில வெதுவெதுன்னு டீ வாங்கிக் குடுத்தாள்.

நேற்று பத்தாம் நாள், கடைசிப் பரிசோதனை. சௌந்தரமும் வந்தாள். டாக்டர் ரூத் அம்மாள் கண்ணாடியை வைத்துக் குழியை எங்களுக்கே காட்டினார். மூடிக்கொண்டு வருகிறது, ரோஜா நிறத்தில் சதை. "இந்த வருஷம் நான் எடுத்த பல்லுலயே இதுதான் நல்லா ஆறினது. மத்தவங்களுக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார். வாயை அகலத் திறந்தேன். ஜெசிந்தா படம் எடுத்தாள். சௌந்தரம் பக்கத்திலிருந்தவரிடம், "எங்காத்துக்காரர்" என்று சொன்னாள். அத்திம்பேர், அடியேனுக்குப் பணிஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தினார்கள். அன்றுகூட அவள் இப்படிச் சொல்லவில்லை.

ஆகவே தேவரீருக்கோ அக்காவுக்கோ நாளைக்கு ஒரு பல் போக நேர்ந்தால் கவலைப்பட வேண்டாம். பஞ்சை ஒரு மணி நேரம் கடிக்கவும். துப்பாமல் விழுங்கவும். முதல் நாள் கொப்புளிக்க வேண்டாம். ஸ்ட்ரா, சூடு, சீவல், புகையிலை எதுவும் கிட்டே வரக் கூடாது. மறுநாளிலிருந்து உப்புநீர், மெல்ல. மற்ற பற்களை வழக்கம்போல் ஆனால் பூப்போலத் துலக்கவும். மாத்திரையை நடுவில் நிறுத்த வேண்டாம். மூன்றாம் நாள் வலி ஏறினால் டாக்டரிடம் ஓடவும், அது தாடை வலியாகவே இருந்தாலும். பச்சை மசியில் இருப்பதை மட்டும் சொந்த யுக்திப்படி முடிவு செய்துகொள்ளவும். சந்தேகம் ஏதாவது இருந்தால் அடியேனைக் கேட்கவும். விரிவாகச் சொல்லக் காத்திருக்கிறேன்.

பெருமாள் கிருபையால் தேவரீர் இருவரும் முப்பத்திரண்டு பற்களோடும், அவை இல்லாவிட்டால் இருக்கிறவற்றோடும், பல்லாண்டு வாழப் பிரார்த்திக்கிறேன். அக்காவுக்கு அடியேனுடைய நமஸ்காரத்தையும், சீடை ருசியாயிருந்தது என்பதையும் தெரிவிக்கவும். அடுத்த பௌர்ணமிக்கு இருவரும் அவசியம் இங்கே எழுந்தருள வேண்டும்.

இப்படிக்கு,
தேவரீர் மைத்துனன், அடியேன்
வேதாந்தம்

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன், காரணம் கடைசியில் விளங்கும். மேற்படி கடிதத்தை மடித்து உறையில் போடும் சமயத்தில் ஹரிப்ரியா வந்தாள். கிரிஷோடு இன்று போனில் பேசினாளாம். பில்டர் எங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கட்டடம் எழுப்பப் போகிறாராம். முதல் கட்டடத்துக்கு நல்ல தண்ணீர் போகிறதைக் காட்டாமல் அதற்கு அனுமதி வராதாம். அதனால் மீட்டிங்குக்கு மூன்று நாள் முன்பே குழாயெல்லாம் வாங்கி ஏரிக்கரையில் இறக்கியாகிவிட்டதாம். இரண்டு மாதத்தில் முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றுதான் அவனை அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மாதம் என்று ஆரம்பித்தது தொழில் வழக்கமாம். அடியேன் பார்வைக்கெல்லாம் அவன் பயப்படவில்லை. உதடு கோணி, கன்னம் வீங்கி, கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, பெரியவருக்குப் பக்கவாதம், பாவம், இந்த நிலையிலும் தண்ணீருக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று மனசு கேட்காமல் சீக்கிரம் இறங்கி வந்தானாம். இப்போது எழுந்து நடமாடுகிறாரா என்று விசாரித்தானாம். ஆக, அந்தப் பதினாலு பக்கத்தையும் பாலாற்றிலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்திருந்தாலும் குழாய் வந்திருக்கும். நடந்ததை மறைக்கக் கூடாது என்று இருபத்தொன்பது வருஷம் பாடம் எடுத்தவனாகையால் தேவரீருக்குத் தெரிவித்துவிட்டேன். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றதை அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டவும்.